கிற்றார்க் கம்பி பிறிட்ஜில் அறுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கங்களில் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் திருவிழா இசைக்குழுக்களிலும் எலெக்ரிக் கிற்றார் வாசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே கேட்டபடியே தரப்பட்டிருக்கின்றன. மெல்லிய கம்பியை முதலாவது என்று எண்ணுகிறோம். முதல் மூன்றும் வெறும் உருக்குக் கம்பிகள், மற்ற மூன்றும் மேலே சுற்றுக் கம்பி உள்ளவை. கிற்றார் உடலின் மேல் கம்பிகளின் அடிப்பக்கத்தைத் தாங்கும் பகுதி பிறிட்ஜ், அதில் ஒவ்வொரு கம்பியும் ஏறி அமரும் துண்டுதான் சடில்.

1. செற் மாத்தி ரெண்டு கிழமை ஆகேல்லை, திரும்ப அறுந்துபோச்சு. கம்பி தரமில்லையோ?

பெரும்பாலும் இல்லை. தரமில்லாத கம்பி எங்கே வேண்டுமானாலும் அறும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அறுகிறதென்றால் பிழை அந்த இடத்தில் இருக்கிறது. விலை கூடிய செற் வாங்கினால் அதுவும் அங்கேயே அறும், காசுதான் கூடப் போகும்.

அறுந்த கம்பியை எறிந்துவிடாதீர்கள். பித்தளை மணி உள்ள துண்டைப் பழைய துளையில் போட்டு இழுத்துப் பிடித்து, அறுந்த நுனி எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். சடிலின் உச்சியில் நின்றால் 5ஆம், 6ஆம் கேள்விகளுக்குப் போங்கள். சடிலுக்குப் பின்னால், தகட்டுத் துளையின் விளிம்பில் நின்றால் 9ஆம் கேள்வி. மணியை ஒட்டிய முறுக்கில் என்றால் 8ஆம் கேள்வி. சடிலைத் தாண்டி, பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) படும் இடத்தில் நின்றால் அது பிறிட்ஜின் குற்றமே இல்லை, 15ஆவதைப் பாருங்கள். நுனி கபில நிறமாக இருந்தால் எந்த இடமாக இருந்தாலும் துருவும் ஒரு காரணம்.

2. நடுவில அறாமல் ஏன் எப்பவும் பிறிட்ஜில?

கம்பியின் பெரும்பகுதி நேராக இழுபடுகிறது. சடிலில் அது இழுபட்டபடியே மடங்கி நிற்கிறது. மடங்கிய இடத்தின் வெளிப்பக்கம் கூடுதலாக இழுபடும். அதன்மேல் ஒவ்வொரு அடிக்கும் அந்த மடிப்பு சற்று அசைகிறது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கி முறிப்பது போன்ற வேலைதான் அங்கே மிக நுண்ணிய அளவில் நடக்கிறது. கம்பியை வளைத்து வாசிக்கும்போதும் ரெமலோத் தடியை (பிறிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் தடி) அமத்தும்போதும் கம்பி சடிலின் மேல் இழைந்து போய் வரும்.

இன்னொன்று வியர்வை. கம்பியை அமத்தி வாசிக்க உள்ளங்கையின் ஓரத்தை வைப்பது பிறிட்ஜின் மேல்தான். அங்கே படியும் உப்பை யாரும் துடைப்பதில்லை. ஆகவே முதலில் துருவேறும் இடமும் அதுவே.

3. முதலாம் கம்பிதான் அடிக்கடி போகுது. தம்பியின்ர கிற்றாரில மூண்டாம் கம்பி போகுது. ரெண்டும் ஒரே வருத்தமோ?

இல்லை. சாதாரண சுருதியில், 25.5 அங்குல நீளக் கிற்றாரில், முதலாம் கம்பி தன் தாங்குதிறனில் ஏறத்தாழ அரைவாசியைத் தொட்டபடிதான் நிற்கிறது. அதன் உருக்கில் விழும் சுமையை 100 என்று வைத்தால், இரண்டாம் கம்பியில் 56, மூன்றாம் கம்பியில் 35 அளவுதான். முதலாம் கம்பிக்கு ஒரு சிறு கீறலே போதும். கொஞ்சம் துரு, கொஞ்சம் பிசிறு, ஒரு நல்ல வளைப்பு, அவ்வளவுதான்.

மூன்றாம் கம்பி அப்படியில்லை. அதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. அது பிறிட்ஜில் அறுந்தால் சுருதியையோ கைவிசையையோ குறை சொல்ல வேண்டாம், நேரே சடிலைக் கழற்றிப் பாருங்கள். நாலாம் கம்பி அறுவதும் உண்டு. வெளியே தடிப்பாகத் தெரிந்தாலும் இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி. சுற்றுக் கம்பி சடிலில் தேய்ந்து விலகினால் உள்கம்பி நேரே உலோகத்தில் உரசத் தொடங்கும்.

4. அப்ப ஒன்பது செற்றை விட்டிட்டுப் பத்து செற் போட்டா நிக்குமோ?

எதிர்பார்க்கிற அளவுக்கு நிற்காது. 0.009 அங்குலக் கம்பியை ஈ சுருதிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 6 கிலோ இழுவை வேண்டும். 0.010 கம்பிக்கு 7.3 கிலோ வேண்டும். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு கூடும் அதே விகிதத்தில் இழுவையும் ஏறுவதால், உருக்கின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரிலும் விழும் சுமை மாறுவதில்லை. 3ஆம் பதிலில் சொன்ன 'அரைவாசி' எந்தத் தடிப்புக்கும் அரைவாசிதான்.

தடித்த கம்பிக்கு ஒரு நன்மை உண்டு. அதே அளவு துருவோ கீறலோ மெல்லிய கம்பியின் விட்டத்தில் பெரும் பங்கைத் தின்னும், தடித்ததில் குறைவாகத் தின்னும். அதனால் கொஞ்ச நாள் கூட ஓடும். சடிலில் பிசிறு இருந்தால் அதுவும் போகும்.

சுமையை உண்மையாகவே குறைப்பது இரண்டு. சுருதியை அரை இடம் இறக்கினால் 11 வீதம் குறையும். 24.75 அங்குல நீளமுள்ள லெஸ் போல் வகைக் கிற்றாரில், அதே கம்பி அதே சுருதியில் ஏறத்தாழ 6 வீதம் குறைவான இழுவையில் நிற்கும்.

5. சடிலில பிசிறு இருக்கெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? கண்ணுக்கு வழுவழுப்பாத்தான் தெரியுது.

கண்ணை நம்ப வேண்டாம். கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, பஞ்சைச் சிறிது பிரித்துச் சடிலின் மேல், கம்பி போகும் திசையில் மெதுவாக இழுங்கள். பிசிறு இருந்தால் ஓர் இழையாவது மாட்டி நிற்கும். அந்த இடத்தைக் கைபேசிக் கமராவில் பெருப்பித்துப் பாருங்கள். பக்கத்திலிருந்து ரோர்ச் அடித்தால் கோடு நிழலாகத் தெரியும்.

பார்க்க வேண்டியவை மூன்று. கம்பி அமரும் பள்ளத்தில் சுற்றுக் கம்பி பதித்த பல் போன்ற வரிகள். பள்ளத்தின் பின்விளிம்பு. முலாம் உரிந்து மேலெழும்பிய செதில். மலிவான கிற்றார்களின் சடில் நாக வார்ப்பில் செய்து குரோம் முலாம் பூசியது. கம்பி உருக்கு, அது நாகத்தைவிடக் கடினமானது. முலாம் பிளந்த பிறகு கம்பி அதற்குள் இறங்கிக்கொண்டே போகும்.

6. சரி, பிசிறு இருக்கு. கடையில என்ன வாங்கி என்ன செய்யிறது?

வாகனத்துக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புத் தாள் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். 600, 1000, 2000 இலக்கங்களில் ஒவ்வொன்று வாங்குங்கள். குத்துவிளக்கு மினுக்கும் பிராசோ வீட்டிலேயே இருக்கும். பழைய நாலாம் அல்லது ஐந்தாம் கம்பித் துண்டு ஒன்றும், மறைப்பு ரேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். நகைப் பட்டறையில் பாவிக்கும் ஊசி அரம் கிடைத்தால் நல்லது, கட்டாயமில்லை.

முதல் வேலை பிக்கப்பை (கம்பிகளுக்கு அடியில் அவற்றின் அதிர்வை வாங்கும் காந்தப் பகுதி) ரேப்பால் முழுதாக மூடுவது. உருக்குத் தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. பிறகு சடிலின் இருப்பிடத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதிவையுங்கள். பின்னாலுள்ள நீள ஸ்குரூவைக் கழற்றிச் சடிலை எடுங்கள், ஸ்பிரிங் துள்ளிப் போகும், கவனம். உயரம் கூட்டிக் குறைக்கும் சின்ன ஸ்குரூக்களைத் தொடாதீர்கள். தொட்டால் கம்பி உயரத்தைப் புதிதாக வைக்க வேண்டிவரும்.

600 தாளை ஒடுக்கமாக மடித்து, கம்பி போகும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் புதிய பிசிறு வரும். நாலைந்து இழுவையில் பஞ்சு மாட்டாமல் போனால் நிறுத்தி 1000க்கு மாறுங்கள், அதன்பின் 2000. கடைசியாகப் பழைய கம்பித் துண்டில் பிராசோ பூசி, பள்ளத்துக்குள் இரு கையாலும் முன்னும் பின்னும் இழுங்கள். பள்ளத்தின் அடி கம்பியின் உருண்டைக்கு ஏற்றபடி மினுங்கும். பின்விளிம்பு கூராக நிற்கக் கூடாது, மணி இருக்கும் பக்கம் சரிந்து உருண்டு இறங்க வேண்டும். முன்விளிம்பை, அதாவது கழுத்தைப் பார்க்கும் பக்கத்தை, உருட்டிவிடாதீர்கள். கம்பி அங்கேதான் தெளிவாகப் பிரிய வேண்டும், இல்லாவிட்டால் சித்தார் மாதிரி 'சிர்' என்று இரையும்.

அடிக்கடி நடக்கும் தவறு அளவுக்கு மிஞ்சித் தேய்ப்பது. கம்பியின் அரைவாசி விட்டம் பள்ளத்தில் அமர்ந்தால் போதும். முலாமைத் தாண்டிச் சாம்பல் நிற உலோகம் தெரியத் தொடங்கினால் அந்தச் சடில் அதிக காலம் தாங்காது, புதியது தேடுங்கள். வேலை முடிந்ததும் பிராசோவைத் துணியால் முற்றாகத் துடைத்துவிடுங்கள். அது பள்ளத்தில் காய்ந்து கிடந்தால் அதுவே உராயும்.

7. என்ர லெஸ் போல் மாதிரி. பின்னால ஒரு தடியில கம்பி மாட்டுப்படுது. அதுக்கும் இதேதானோ?

சடில் வேலை அதேதான். ஆனால் தேய்ப்பதற்கு முன் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கம்பி சடிலிலிருந்து பின் தடிக்கு இறங்கும் வழியில் பிறிட்ஜின் பின்விளிம்பைத் தொடுகிறதா? தொட்டால் அது இரண்டாவது மடிப்பு. தடியின் இரு பக்க ஸ்குரூவையும் கம்பி விளிம்பை விட்டு விலகும்வரை உயர்த்துங்கள். உயர்த்துமுன் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். அதிகம் உயர்த்தினால் கம்பி சடிலில் அழுத்தமாக அமராமல் பக்கத்துக்கு வழுக்கும். தொடாத அளவு போதும்.

8. மணிக்குப் பக்கத்தில முறுக்கின இடம் கழண்டு வருது. இதுக்கு என்ன செய்யலாம்?

வெறும் கம்பி மணியைச் சுற்றித் தன்மேலேயே முறுக்கப்பட்டுத்தான் நிற்கிறது. ரெமலோத் தடியைப் பலமாகப் பாவிப்பவர்களுக்கு அந்த முறுக்கு இறுகி இறுகிச் சறுக்கும். எர்ணி போல் நிறுவனத்தின் ஆர்.பி.எஸ். வகைக் கம்பிகளில் அந்த முறுக்கின் மேல் பித்தளைக் கம்பி சுற்றியிருப்பார்கள், இந்தப் பிரச்சினைக்கென்றே செய்தது.

அது கிடைக்காவிட்டால், றேடியோ திருத்துபவரிடம் கொடுத்து முறுக்கின்மேல் மட்டும் மெல்லிதாக ஈயம் பற்றவைக்கலாம். ஓரிரு செக்கனில் முடிய வேண்டும். முறுக்கைத் தாண்டி வெறும் கம்பியில் ஈயம் ஓடினால், அந்த எல்லை புதிய பலவீனமான இடமாகிவிடும். முறுக்கு சடிலின் உச்சிவரை நீண்டு வந்தாலும் தொல்லைதான், கம்பி சீராக அமராது.

9. வயர்த் தோலை உருவிக் கம்பியில போட்டா அறாது எண்டினம். உண்மையோ, புளுகோ?

உண்மை. அமெரிக்க புளூஸ் கிற்றார்க் கலைஞர் ஸ்டீவி ரே வோனின் கிற்றாரில் செய்யப்பட்ட வேலை இது. 0.013 போன்ற தடித்த கம்பியை அரை இடம் இறக்கி வாசித்த அவருக்கே அது தேவைப்பட்டது. ஸ்ராற் (ஸ்ராற்றோகாஸ்ரர்) வகையில் கம்பி தகட்டுத் துளையிலிருந்து மேலேறும்போது துளை விளிம்பிலோ சடிலின் அடிப்பகுதியிலோ உரசும். அந்த இடத்துக்குத்தான் தோல்.

இன்ரநெற் கேபிளைப் பிரித்தால் உள்ளே எட்டு மெல்லிய வயர்கள் இருக்கும். ஒன்றின் செம்பை உருவினால் அரை மில்லிமீற்றர் துளையுள்ள குழாய் கிடைக்கும். முதல் மூன்று கம்பிகளும் அதற்குள் போகும். ஒரு சென்ரிமீற்றர் அளவு வெட்டிப் புதிய கம்பியில் கோத்து, மணிப் பக்கம் தள்ளி, கம்பியை மாட்டும்போது துளை விளிம்பில் நிற்கச் செய்யுங்கள். சடிலின் உச்சிக்கு முன் அது முடிய வேண்டும். உச்சியைத் தாண்டினால் ஓசை மந்தமாகும். உச்சியிலேயே அறுகிறதென்றால் தோல் மருந்தில்லை, 6ஆம் பதில்தான்.

10. தோல் போட்டதுக்குப் பிறகு 'ஊம்' எண்டு இரைச்சல் கூடிப்போச்சு. சம்பந்தம் இருக்கோ?

கிற்றாரைப் பொறுத்தது. ரெமலோ உள்ள ஸ்ராற்றில் எர்த் வயர் பின்னால் ஸ்பிரிங் மாட்டும் தகட்டில் பற்றியிருக்கும். அங்கிருந்து ஸ்பிரிங், உலோகக் கட்டை, மணி என்று கம்பிக்கு எர்த் போகிறது. சடிலில் தோல் இருந்தாலும் அந்த வழி அறாது. லெஸ் போல் வகையிலும் பின் தடியே எர்த்.

கம்பி உடலின் பின்பக்கத்தால் நுழையும் ரெலிகாஸ்ரர் வகையில் மணி அமரும் குமிழ்களுக்கு எர்த் கிடையாது. சடில் வழியாகத்தான் எர்த். ஆறு கம்பிக்கும் தோலை உச்சிவரை இழுத்துவிட்டால் கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் அடங்காது. அறும் கம்பிக்கு மட்டும் போடுங்கள். அது சடிலை எங்காவது தொட்டபடியும் இருக்கட்டும்.

இரைச்சல் வேறு, கரண்ட் அடிப்பது வேறு. மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்றால், அது ஜெனரேற்றரின் அல்லது பிளக்கின் எர்த் பிழை. 230 வோல்ற் விளையாட்டுச் சாமான் இல்லை. வாசிப்பதை நிறுத்தி மின்தொழிலாளரைக் கூப்பிடுங்கள். தோல் போட்டு அதை மறைக்கப் பார்க்க வேண்டாம்.

11. சடிலில எண்ணெய் விடலாமோ? தேங்காய் எண்ணெய் காணுமோ?

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாட்பட்டுப் பிசுபிசுக்கும், சோளகக் காலத்துக் கிறவல் புழுதி அதில் ஒட்டி அரைக்கும். தையல் மெசின் எண்ணெய் நல்லது. ஊசி முனையில் எடுத்த ஒரு சொட்டைப் பள்ளத்தில் வைத்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இன்னும் சுத்தமான வழி 2பீ பென்சில். கம்பி மாற்றும் ஒவ்வொரு தடவையும் பள்ளத்தில் நாலு கீறு கீறினால் போதும். அதன் காரீயம் உராய்வைக் குறைக்கும், புழுதியைப் பிடிக்காது.

12. நாங்கள் கடற்கரைப் பக்கம். ஒரு மாதத்தில கம்பி கறுத்துப்போகுது. என்ன வழி?

முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய்ப் பக்கம் உப்புக் காற்று. உள்ளே மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் மாரியில் ஈரம். இரண்டுக்கும் வழி ஒன்றே. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் கிள்ளிப் பிடித்து அடிப்பக்கமும் துடையுங்கள். பிறிட்ஜின் மேலும் கம்பிகளுக்கு இடையிலும் துணியை விடுங்கள். 2ஆம் பதிலில் சொன்ன உப்பு அங்கேதான் இருக்கிறது.

சுவரில் தொங்கவிட வேண்டாம், பையில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் பைக்குள் போடலாம். வற்றாப்பளைப் பொங்கல் வரும் வைகாசி வெயிலில் வாசித்துவிட்டு, வியர்வையோடு பையில் பூட்டிவைப்பதுதான் கம்பிக்கு மிகக் கெட்டது. பூச்சுப் பூசிய கம்பிகள் துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் பிசிறை அல்ல. பிசிறுள்ள சடிலில் போட்டால் பூச்சுக்குக் கொடுத்த காசு வீண்.

13. ப்ளொயிட் றோஸ் பிறிட்ஜ். கம்பி சடிலுக்குள்ளேயே நறுக்கின மாதிரி அறுகுது.

அதில் மணியை வெட்டிவிட்டுக் கம்பியைச் சின்ன உலோகக் கட்டையால் நெரித்துப் பிடிக்கிறோம். 3 மில்லிமீற்றர் அலன் கீயின் நீளக் கையைப் பிடித்துப் பலத்தோடு முறுக்கினால் கட்டையே கம்பியை நறுக்கும். குட்டைக் கையைப் பிடித்து, கம்பி வழுக்காத அளவுக்கு இறுக்குங்கள். கட்டையைக் கழற்றிப் பாருங்கள். கம்பி பதிந்த ஆழமான கோடு இருந்தால் மாற்ற வேண்டும். முறுக்குப் பகுதி கட்டைக்குள் போகக் கூடாது, அதற்கு மேலால் வெட்டுங்கள்.

14. பாடகருக்குக் காணாதெண்டு எல்லாக் கம்பியையும் ஒரு இடம் ஏத்தி வாசிக்கிறம். அதாலயோ?

ஆம். முழு இடம் ஏற்றினால் சுமை 26 வீதம் கூடும். அரைவாசியில் நின்ற முதலாம் கம்பி, அதன்மேல் வளைத்து வாசித்தால், முக்கால் பங்கைத் தாண்டிவிடும். துரு சிறிதளவு இருந்தாலும் மேடையிலேயே போகும். கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பியையும் அமத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். கம்பி பழைய சுமையிலேயே நிற்கும், சுருதி மட்டும் ஏறும்.

15. நான் கொஞ்சம் பலமா அடிக்கிறனான். கையை மாத்த வேணுமோ?

அறுந்த இடம் பிக் படும் இடமென்றால் ஆம். பிறிட்ஜுக்கு மிக அருகே அடிக்கும்போது கம்பி விட்டுக்கொடுக்காது, அடியின் விசை முழுதும் சடில் மடிப்பில் இறங்கும். இரண்டு விரல் கழுத்துப் பக்கம் தள்ளி அடித்தாலே வித்தியாசம் தெரியும். சத்தம் காணாமல்தான் பலமாக அடிக்கிறீர்கள் என்றால் அம்பிளிபயரின் சத்தத்தைக் கூட்டுங்கள். மேடையில் தன் சத்தம் கேட்காத கிற்றார்க்காரர்தான் கம்பி அதிகம் அறுப்பவர்.

16. எலெக்ரிக் செற் இங்க கிடைக்கேல்லை. அக்கூஸ்ரிக் கம்பி ஒண்டு போட்டு ஓட்டலாமோ?

முதலாம், இரண்டாம் கம்பிகளுக்குத் தாராளமாக. அவை இரண்டு செற்றிலும் ஒரே வகை உருக்குக் கம்பிகள்தான். 0.010 அளவில் தொடங்கும் அக்கூஸ்ரிக் செற்றின் முதலாம் கம்பி அப்படியே பொருந்தும். சுற்றுள்ள கம்பிகள் வேண்டாம். அவற்றின் வெண்கலச் சுற்றைக் காந்தப் பிக்கப் உணராது, சத்தம் குறைந்து சமமில்லாமல் வரும். வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவரிடம் செற்றோடு தனி முதலாம் கம்பிகள் நாலைந்தும் சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

17. மேடையில ஒரு கம்பி அறுந்தா மற்ற அஞ்சும் சுருதி விலகுது. இது என்ன கூத்து?

மிதக்கும் ரெமலோ. பின்னால் ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம், ஆறு கம்பியும் மறு பக்கம் இழுத்துச் சமநிலையில் நிற்கின்றன. ஒன்று போனால் ஸ்பிரிங் வென்று பிறிட்ஜைப் பின்னே சாய்க்கும், மீதி ஐந்தும் சுருதி ஏறும். தடியை மேலே தூக்கி வாசிக்கும் பழக்கம் இல்லையென்றால், பின் தகட்டின் இரண்டு ஸ்குரூவையும் இறுக்கிப் பிறிட்ஜை உடலோடு படியவிடுங்கள். அமத்துவது அப்படியே வேலை செய்யும், கம்பி அறுந்தாலும் பாட்டை முடிக்கலாம். கம்பி அறுவதை இது தடுக்காது.

18. எல்லாம் செய்தாச்சு. அதே கம்பி அதே இடத்தில திரும்பவும் போகுது.

சடிலை மாற்றும் நேரம். முதலில் ஒரு சோதனை. அந்தச் சடிலைப் பக்கத்துச் சடிலோடு இடம் மாற்றிப் போடுங்கள். அறுவது சடிலோடு இடம் மாறினால் சடில்தான். மாறாமல் அதே கம்பி போனால் தகட்டுத் துளையின் விளிம்பை உருட்டுங்கள் அல்லது 9ஆம் பதில்படி தோல் போடுங்கள்.

புதியது வாங்கும்போது முதலாம் கம்பியின் நடுவிலிருந்து ஆறாம் கம்பியின் நடுவரை பிறிட்ஜில் அளந்து சொல்லுங்கள். ஸ்ராற் வகையில் 52.5 மில்லிமீற்றரும், 56 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டியதும் பரவலாக உண்டு, ஒன்றின் சடில் மற்றதில் ஒழுங்காக இருக்காது. காசிருந்தால் உருக்கு அல்லது கிராஃபைட் சடில் வாங்கலாம். கிராஃபைட்டில் கம்பி வழுக்கிப் போகும், ஆனால் ரெலிகாஸ்ரர் வகைக்கு வாங்குமுன் 10ஆம் பதிலை இன்னொரு தடவை வாசியுங்கள். அறுகிற கம்பியின் சடிலை மட்டும் மாற்றினாலும் போதும், ஆறையும் வாங்க வேண்டியதில்லை.